சாட்சியைத் திருத்தலாமா?

பழைய துப்பாக்கி ஒன்று. இரட்டைக்குழல் துப்பாக்கி. நூறாண்டைக் கடந்துவிட்ட அதனை என்ன செய்வது? திருத்திப் புதுக்குவதா? இருந்தபடியே காப்பதா?

என் நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நாட்டிலே ஆயிரம் சிக்கல் இருக்க, ஒரு துப்பாக்கிக்காகவா ஏட்டின் பக்கங்களை நிரப்புவது என்று தோழர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் கேட்டேன், கேட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கிச் சிந்தனை தொடங்கியபோதுதான் தெரிந்தது, பழமையைச் சாடும் நம் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வியை நண்பர் கேட்டுவிட்டார் என்பது.

நண்பரும் என்னைப் போல் பள்ளி ஆசிரியர். அவருடைய கொள்ளுத் தாத்தா ஒரு ஜமீனில் காரியஸ்தர். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் போயிற்று, காரியஸ்தர் பதவியும் போயிற்று. துப்பாக்கி மட்டும் வீட்டில் தங்கிற்று. தாத்தா உரிமத்தைப் புதுப்பித்தார், தந்தையும் புதுப்பித்தார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்தால் மீட்டு வருவதும் வழக்கமாயிற்று. ஆண்டுக்கொரு நாள் ஆயுத பூசை. அன்று அதற்குச் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு, பொரி கடலையும் உண்டு! மற்ற நாளெல்லாம் உறைக்குள் உறக்கம். தந்தை மறைந்தபின் உரிமம் பெற்ற ஆயுத வணிகர் ஒருவரின் கிடங்கில் அது ஒப்படைக்கப்பட்டது. வாரிசு என்ற முறையில் நண்பர் இனி முடிவு செய்தாக வேண்டும்.

கிடங்குக்கு நானும் உடன் சென்றேன். வணிகர் துணியை விலக்கிக் காட்டினார்.

அது 12 போர் துப்பாக்கி. குழலின் உள்வாய் அளவுக்குச் சரியாக ஈய உருண்டைகளை வார்த்தால், பன்னிரண்டு உருண்டைகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்கும். அந்த எண்ணுக்கு அதுவே பொருள். குழல்களின் அடியிலே பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள். 1813இல் இங்கிலாந்துப் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த சாலை அது. வழக்கத்தினும் மிகுதியாக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கி நின்ற குழலுக்கே அங்கே முத்திரை கிடைக்கும். வெளியே நிமிர்ந்து நிற்கும் சுத்திகள் இரண்டு; குதிரை என்று நம்மவர் கூறுவது அதைத்தான். குழல்களின் மேல், சட்டை உரித்த பாம்பின் உடல் போல் வரிகள், வரிகள், வரிகள்! இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பிடியில் செதுக்கியிருந்த சதுரக் கோடுகள், பல கைகள் பற்றிப் பற்றி மழுங்கியிருந்தன. கட்டையின் அடிப்புறத்தில் நீள்வட்டமாக ஒரு வெள்ளித் தகடு பதித்திருந்தது. அதிலே ஜமீனின் சின்னம்.

துப்பாக்கியைப் பற்றி வீட்டில் மூன்று கருத்துகள் மோதின.

தாய்மாமன் சொன்னார்: "சுடாத துப்பாக்கி எதற்கு? குழலை மாற்று, அறையை நீட்டு, புதுத் தோட்டா போடும்படி செய். இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போடு."

அக்கா சொன்னார்: "அப்பா தொட்டுக் கும்பிட்ட பொருள். கட்டையைத் தேய்த்து மெருகேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம். பூசையை மட்டும் விட்டுவிடாதே, தம்பி."

நண்பர் சொன்னார்: "எனக்கு அந்தத் தகட்டைக் கண்டால் கூசுகிறது. அதைப் பெயர்த்து எறிந்து, பள்ளத்தை மரத்தால் அடைத்துவிட வேண்டும். அதன் பிறகு எங்கே இருந்தால் என்ன?"

மூவரில் யார் பக்கம் நிற்பேன் நான்? ஐயமே இல்லை, நண்பரின் பக்கம்தான் நின்றேன். ஆதிக்கத்தின் சின்னத்தை அகற்றுவது அறச்செயல் அன்றோ? தகட்டைப் பெயர்க்கும் நாளில் நானும் வருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

முதலில் மாமன் கூற்றை எடை போடுவோம். அது வெறும் முரட்டுப் பேச்சு அன்று. அதற்குள் ஒரு தத்துவம் உண்டு. பொருளின் உயிர் அதன் பயனில் இருக்கிறது. பாடாத யாழும் உழாத கலப்பையும் இருந்தென்ன? பயன்பட வைப்பதே பொருளுக்குச் செய்யும் மரியாதை என்கிறது அந்தத் தத்துவம். அழகான வாதம். ஆனால் இந்தத் துப்பாக்கியைப் பயன்பட வைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

கருமருந்துக் காலத்துக் குழல் இது. பிரெஞ்சு நாட்டு வியேய் 1884இல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். அதற்குப் பின் வந்த தோட்டாக்களின் வேகமும் அழுத்தமும் வேறு. பழைய தோட்டாவின் நீளம் இரண்டரை அங்குலம். இன்று பெரிதும் வழங்குவது இரண்டே முக்கால் அங்குலம். நீண்ட தோட்டா பழைய அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் மடித்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். அறையை நீட்டினாலோ, குழலின் சுவர் அழுத்தம் மிகுந்த இடத்திலேயே மெலியும். முறுக்கி ஒட்டிய வரிகளுக்கிடையே நூறாண்டுத் துரு எங்கே ஒளிந்திருக்கிறதோ, யார் அறிவார்? எனவே ஒரு வழிதான் மிச்சம்: அடியில் சில அங்குலம் மட்டும் விட்டுப் பழைய குழல்களை வெட்டி எறிந்து, புது எஃகுக் குழல்களைச் செருகுவது. பாம்பு வரி போகும். பழைய குழல் போகும். எஞ்சுவது ஒரு கட்டையும் இரண்டு குதிரையும்.

இத்தனையும் எதற்கு? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், விலங்கைச் சுட்டு வீழ்த்துவது அவரவர் விருப்பத்துக்கு விட்ட விளையாட்டு அன்று. குழலைக் குறுக்கலாம் என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதற்கென்று தனி உரிமம் இன்றி அதைச் செய்யாதே என்கிறது. வேட்டை இல்லை, வேறு தேவையும் இல்லை. தேவை இறந்தபின் கருவியைத் திருத்துவது, கால் இல்லாதவனுக்குச் செருப்புத் தைப்பது போல் அன்றோ?

மாமன் விடவில்லை. "கட்டையை மாற்றினாலும் குழலை மாற்றினாலும் துப்பாக்கி அதே துப்பாக்கிதானே?" என்றார். அவர் அறியாமலே கிரேக்க நாட்டுக் கேள்வியைக் கேட்டுவிட்டார்! தீசியஸ் ஏறிய கப்பலை ஏதென்சு நகரத்தார் பாதுகாத்தனர். உளுத்த பலகையை நீக்கிப் புதுப் பலகை வைத்தனர். வைத்து வைத்து வந்தபோது, அது அதே கப்பலா வேறு கப்பலா என்று தத்துவ ஆசிரியர்கள் வாதிட்டனர் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை; நான் முடித்து வைப்பதாகச் சொன்னால் நகைப்பீர்கள். ஆனால் அதைவிட எளிய கேள்வி ஒன்று எனக்குத் தோன்றுகிறது. அதே பொருளா என்று கேட்குமுன், நீக்கிய பலகையோடு எது போயிற்று, போனது திரும்புமா என்று கேட்டுப் பார்க்கலாமே!

இந்தக் கேள்விக்கு விடை, நூலகத்திலே கிடைக்கவில்லை எனக்கு. ஊரின் கோடியிலே, ஓட்டு வீட்டுத் திண்ணையிலே கிடைத்தது.

அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பத்தைந்து வயது. அவருடைய தந்தை ஜமீன் நிலத்தில் பண்ணையாள். தகட்டைப் பெயர்க்கப் போகிறோம் என்ற செய்தியை அவரிடம் முதலில் சொல்ல வேண்டும், அவர் மகிழ்வார் என்று நண்பர் விரும்பினார். இருவரும் சென்றோம். நண்பர் அவரை "ஐயா" என்று அழைத்தார். அவர் நண்பரைத் "தம்பி" என்று அழைத்தார். அந்தப் பெரியவரின் தந்தை, இதே வீட்டாரை "எசமான்" என்று அழைத்துத் துண்டை இடுப்பில் கட்டி நின்றவர். அந்த மாறுதலுக்கு எத்தனை பேர் எத்தனை காலம் உழைத்தனரோ!

கைப்பேசியில் எடுத்து வந்த படத்தைக் காட்டினோம். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "களத்துல நெல்லு அளக்கயில, நாற்காலி மேல இதைச் சாய்ச்சு வெச்சிருப்பாங்க. நான் அப்ப ஏழு வயசுப் பையன். வெயில்ல இந்த வெள்ளி மின்னும். ஒரு நாளும் சுட்டதில்ல, தம்பி. சுட வேண்டியதே இல்ல."

சுட வேண்டியதே இல்லை! அந்தச் சொற்கள் என் நெஞ்சிலே பாய்ந்தன. களத்தைச் சுற்றி நின்றவர் கையில் அரிவாள் இருந்தது. துப்பாக்கியோ ஒரே ஒரு நாற்காலியில் இருந்தது. அது தற்செயலா? 1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைத் தந்தார். ஒன்று, இந்திய மொழி ஏடுகளின் வாயைக் கட்டிற்று. மற்றொன்று, ஆயுதத்தை உரிமத்துக்குள் அடைத்தது. வெள்ளையருக்கு அந்த உரிமத்திலிருந்து விலக்கு. மற்றவருக்கோ அரசு மனம் வைத்தால் உண்டு. யாருக்கு மனம் வைத்திருப்பர்? ஜமீனுக்கா, பண்ணையாளுக்கா? நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தத் துப்பாக்கி, குறைந்த மரக்காலையும் கூடிய வாரத்தையும் வாய் திறவாமலே நியாயப்படுத்திற்று. ரவை பாயவில்லை; ஆனால் முதுகுகள் வளைந்தன.

நண்பரின் கண்கள் கலங்கின. "அதனால்தான், ஐயா, அந்தத் தகட்டைப் பிடுங்கி எறியப் போகிறேன்" என்றார்.

பெரியவர் வியப்போடு நிமிர்ந்தார். "ஏன் தம்பி? அதைப் பிடுங்கிட்டா அது வெறும் துப்பாக்கி. காட்டுப்பன்னி சுடற துப்பாக்கி. எங்கப்பனைக் குனிய வெச்ச துப்பாக்கி இதுதான்னு அப்புறம் யாரு சொல்லுவா? நான் இன்னும் எத்தனை நாளைக்கு?"

நாங்கள் இருவரும் வாய் மூடி இருந்தோம். நீதி செய்வதாக எண்ணிச் சென்றோம். சாட்சியைக் கலைக்கச் சென்றவர்கள் என்பதை உணர்ந்து திரும்பினோம்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். தகட்டைப் பெயர்த்தால் யாருக்கு நலம்? பெரியவருக்கா? அவர் தந்தையின் வளைந்த முதுகு நிமிர்ந்துவிடுமா? கூச்சம் நீங்கும், யாருடைய கூச்சம்? நண்பருடைய கூச்சம். காரியஸ்தரின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு, பண்ணையாளின் மகன் தன் சாட்சியை விலையாகத் தர வேண்டும்! முன்னே நெல்லைத் தந்தார்கள். இப்போது நினைவையும் தர வேண்டுமோ?

வகுப்பிலே நான் நாள்தோறும் சொல்லும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. பிழையாக எழுதிய மாணவன் ரப்பரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்ப்பான், தாள் கிழியும். "அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியாக எழுது. எங்கே தவறினாய் என்பது உனக்கும் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்" என்பேன். மாணவனுக்குச் சொன்ன அறிவுரை ஆசிரியர் இருவருக்கும் மறந்து போயிற்று!

தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த பெருமக்கள் அதை மறக்கவில்லை. 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முன் செல்லரித்த சுவடிகள் கிடந்தன. 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. புலமை மிக்கவர், ஓர் அடியைத் தாமே இயற்றி ஓட்டையை அடைத்திருக்க முடியாதா? அடைக்கவில்லை. புள்ளியிட்டுக் காட்டி, இங்கே இழப்பு என்று உலகுக்கு உரைத்தார். அந்தப் புள்ளிகளை நம்புவதால்தான் எஞ்சிய அடிகளையும் நாம் நம்புகிறோம்.

அதே புறநானூற்றில் ஔவை தூது சென்ற செய்தி உண்டு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். மயிற்பீலி சூடி, நெய் பூசி, மின்னின அவன் ஆயுதங்கள். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஒன்று போர் காணாதது, மற்றொன்று போரில் தோய்ந்தது என்பதை, மெருகையும் சிதைவையும் பார்த்தே ஔவையார் படித்துவிட்டார். படைக்கலத்தின் உடம்பு ஓர் ஏடு. அதன் தேய்வும் வடுவும் எழுத்து. அதியமானின் வேலுக்கும் யாரோ மெருகேற்றி வைத்திருந்தால், ஔவை எதைப் படித்திருப்பார்?

மெருகேற்ற விரும்பிய அக்காவிடம் இதைத்தான் சொன்னோம். பிடியிலே மழுங்கிப்போன கோடுகள் இருக்கின்றனவே, அவற்றிலே உங்கள் அப்பாவின் கையும் இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் முதலில் போவது அதுதான் என்றோம். அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எண்ணெய் மட்டும் துடைக்கலாமா?" என்று கேட்டார். துடைக்கலாம், துருவைத் தடுப்பது காப்பு, தோலை உரிப்பது அழிப்பு.

இங்கே ஒரு தோழர் என்னை மடக்கக்கூடும். "பழையதைக் காப்பாற்று என்கிறாயே, மாற்றத்தைப் பேசும் வாயா இது? நாளைக்குப் பழைய வழக்கத்தையும் காப்பாற்று என்பாயோ?"

சொல்லமாட்டேன். வழக்கம் வேறு; வழக்கத்தின் சாட்சி வேறு. வழக்கம் என்பது உயிருள்ள மனிதனின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பது. அதை இறக்கித்தான் ஆக வேண்டும், இன்றே இறக்க வேண்டும். துப்பாக்கியோ நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டது. அதற்கு இனி அதிகாரம் இல்லை. அது சொல்லும் செய்தி மட்டும் உண்டு. மாற்ற வேண்டியது, அதன் முன் நாம் நிற்கும் முறையை. சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தெறிவோம், சின்னத்தை விட்டுவைப்போம். வணங்கும் பொருளாக அது இருந்த நாளில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. சாட்சியாக நிறுத்தினால், குறுக்கு விசாரணை செய்யலாம் அல்லவா?

பழமையைக் காப்பவரெல்லாம் பழமைவாதியும் அல்லர். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் புதுக்குகிறோம் என்று சொல்லி, காலம் எழுதிய அடையாளங்களைச் சுரண்டி எடுத்தபோது, அதை எதிர்த்து 1877இல் ஒரு சங்கம் கண்டவர் வில்லியம் மாரிஸ். சில ஆண்டுகளில் அவரே பொதுவுடைமை மேடையில் ஏறித் தொழிலாளருக்காக முழங்கினார். பழைய கல்லைத் தொடாதே, பழைய சமுதாயத்தை மாற்று என்ற இரண்டும் ஒரே நெஞ்சில் முரணின்றி வாழ்ந்தன. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் கலையழகு உடையதை மட்டும் தொல்பொருள் என்று கூறவில்லை. கடந்த காலத்து வழக்கத்தையும் ஒழுக்கத்தையும் அரசியலையும் விளக்கி நிற்கும் நூறாண்டுப் பொருளும் அதில் அடங்கும். ஒழுக்கத்தை மட்டுமா, ஒழுக்கக்கேட்டையும் விளக்கத்தான் பொருள் வேண்டும்!

அப்படியானால் எதையும் எப்போதும் தொடக்கூடாதா? அப்படி ஒரு புதிய தீண்டாமையை நான் பரப்ப வரவில்லை. தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன்.

செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? எண்ணெயைத் துடைக்கலாம், வெட்டிய குழலை ஒட்ட முடியாது.

செய்வது எதையேனும் மறைக்கிறதா? உடைந்த திருகாணிக்குப் புதியது போட்டு, புதியது என்று குறித்து வைப்பது நேர்மை. சின்னம் இருந்த பள்ளத்தை மரத்தால் அடைத்து வழவழப்பாக்குவது பொய்.

மூன்றாவது, முதன்மையானது: உயிருள்ள மனிதருக்குத் தீங்கு உண்டா? உண்டென்றால் பொருள் பின்னே, மனிதன் முன்னே. இதில் தயக்கமே கூடாது. குழந்தை ஓடி விளையாடும் வீட்டில் வெடிக்கவல்ல துப்பாக்கி சுவரில் தொங்குவதை எந்தத் தொல்பொருள் ஆர்வமும் நியாயப்படுத்தாது. அப்போதும்கூட, குழலில் துளையிட்டுப் பாழாக்குமுன், தோட்டாவைத் தட்டும் ஊசிகளைத் தக்கவரைக் கொண்டு கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். வீட்டில் வைக்காமலே இருக்கலாம்.

நண்பர் முடிவு செய்துவிட்டார். குழல் மாறவில்லை, கட்டையில் உப்புத்தாள் படவில்லை, வெள்ளித் தகடு அதன் இடத்திலேயே இருக்கிறது. துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று மூவரும் ஒப்பினர். மாமன் கொஞ்சம் முணுமுணுத்துத்தான் ஒப்பினார். அரசு அருங்காட்சியகத்துக்கு அளிக்க உரிய வழி கேட்டு நண்பர் எழுதியிருக்கிறார். விடை வரும்வரை அது கிடங்கிலேயே இருக்கும்.

துப்பாக்கியோடு இரண்டு தாள்களும் செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். முதல் தாளில், தம் கொள்ளுத் தாத்தா யார், அது எப்படி அவர் கைக்கு வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று மறைக்காமல் எழுதினார். எழுதும்போது ஓரிடத்தில் கை நின்றது. பிழையாக எழுதிய வரியை ஒரு கோடிட்டு அடித்துவிட்டுத் தொடர்ந்தார். அழிக்கவில்லை.

இரண்டாம் தாள் பெரியவரின் வாக்குமூலம். அவர் சொன்னார், நான் எழுதினேன், படித்துக் காட்டினேன். மை தடவும் பெட்டியையும் கொண்டு போயிருந்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, என் பேனாவை வாங்கிக்கொண்டார். அறிவொளி இயக்கத்தில், ஐம்பது வயதைக் கடந்தபின் கற்ற எழுத்து. ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி அழுத்தி, தம் பெயரையும், அதன் முன்னே தந்தையின் பெயரையும் எழுதினார்.

ஜமீனின் சின்னம் வெள்ளியில் இருக்கிறது. பண்ணையாளின் பெயர் இனி அதன் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும் வருங்காலம்.